கடன்பட்ட ஊராட்சியில் வருமுன் காக்கும் பணிகளுக்குப் பணம்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கிராம சபையிலும் ஒன்றிய அலுவலக வராந்தாவிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

1. வருமுன் காக்கும் பணின்னா என்னங்க? தடுப்பூசி போடுறதா?

தடுப்பூசியை மக்கள் நல்வாழ்வுத் துறை பார்த்துக்கொள்கிறது. இங்கே சொல்வது அதற்கும் முந்தைய அடுக்கு. தாய் நடவுக்குப் போன நேரத்தில் பிள்ளை வாய்க்காலில் விழாமல் பார்த்துக்கொள்வது, பத்தாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதற்குள் அவளைப் பதினொன்றில் சேர்ப்பது, தனியாக இருக்கும் வயதானவரை வாரம் ஒருமுறையாவது யாரேனும் போய்ப் பார்ப்பது, குடியால் சிதையும் வீட்டை அடிதடிக்கு முன்பே கவனிப்பது போன்றவை.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110ஆவது பிரிவு கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது: சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், மயானம். 111ஆவது பிரிவு, ஊராட்சி விரும்பினால் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறது. மேலே சொன்ன பணிகளுக்கு அந்தப் பக்கம்தான் இடம். சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. பணம் குறைந்தால் 110 தப்பிக்கும், 111 போய்விடும்.

2. ஊராட்சிக்கு எங்கே கடன்? கடன் வாங்குறது நகராட்சிதானே?

வங்கிக் கடன் என்ற பொருளில் சரிதான். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் கடன் வாங்கித் தவணை கட்டுவது நகராட்சியும் மாநகராட்சியும். கிராம ஊராட்சிக்கு இருப்பது பாக்கி: மின்வாரியத்துக்கு மோட்டார், தெருவிளக்குக் கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர்க் கட்டணம். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர்கள் கொள்ளிடத்துத் தண்ணீரை நம்பி இருப்பதால், இந்த இரண்டாவது பாக்கி நாகை, வேதாரண்யம் பக்கம் கனமானது.

கடனாக இருந்தாலும் பாக்கியாக இருந்தாலும் விளைவு ஒன்றே. மேலிருந்து வரும் மானியம் கைக்கு வருமுன்பே ஒரு பங்கு போய்விடுகிறது.

3. கரண்ட் பில்லே கட்ட முடியல. இதுல இது எதுக்குங்க?

நியாயமான கேள்வி. ஆனால் பணம் இல்லாத ஊரில்தான் வராமல் தடுப்பது கட்டாயமாகிறது. வசதியான ஊராட்சி ஒரு விபத்தை, ஒரு குடும்பத்தின் சரிவைத் தாங்கிக்கொள்ளும். பாக்கியில் இருக்கும் ஊராட்சிக்கு அந்தத் தெம்பு கிடையாது.

வெட்டுவது எளிது என்பதற்காக இதை முதலில் வெட்டுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 2023 செப்டம்பரில் கையில் பணம் இல்லை என்று சட்டப்படி அறிவித்தபோது, கட்டாயச் சேவைகளும் நலிந்தோர் பாதுகாப்பும் தவிர மற்ற புதுச் செலவுகளை நிறுத்தியது. சட்டம் கட்டாயமாக்காத எதுவும் அப்படிப்பட்ட நேரத்தில் வரிசையின் கடைசிக்குப் போகிறது. அதனால்தான் பணம் இருக்கும் மாதத்திலேயே இதற்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும் என்கிறோம் (கேள்வி 8).

4. மாநில நிதிக்குழு மானியம் வருதே, அதுலேர்ந்து எடுத்தா என்ன?

எடுக்கலாம், ஆனால் நம்பி இருக்கக் கூடாது. ஊராட்சியில் கணக்கு எண் 1 பொது நிதி. கணக்கு எண் 2 மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் மட்டும். மானியத்தில் ஒரு பகுதி இரண்டாம் கணக்குக்கு என்றே வருகிறது. அதைத் தொட்டால் தணிக்கையில் நிற்க முடியாது. ஒன்றாம் கணக்குக்கு வருவதும் எந்த மாதம் வரும், எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

நடவு நாள் மானியத்துக்காகக் காத்திருக்காது. அதனால் எங்கள் முடிவு: வருமுன் காக்கும் பணிக்குச் சொந்த வருமானமே அடித்தளமாக இருக்க வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே யாரும் பிடித்துக்கொள்ள முடியாத பணம் அது ஒன்றுதான்.

5. சொந்த வருமானம்னு எங்க இருக்கு? வீட்டு வரி கேட்டா ஜனங்க சண்டைக்கு வர்றாங்க.

வீட்டு வரிக்கு முன்னால் தொழில் வரியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 276ஆவது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு அதிகபட்சம் ₹2,500 வாங்கலாம். அரையாண்டு வருமானத்தைப் பொறுத்து வீதம் மாறும். உங்கள் எல்லைக்குள் மேல்நிலைப்பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம் இருக்கின்றனவா? உச்ச வீதத்தில் 40 பேர் வேலை பார்த்தால் ஆண்டுக்கு ₹1,00,000. 600 வீடுள்ள ஊரில் வீட்டுக்குச் சராசரி ₹200 என்றால் மொத்தக் கேட்பே (வசூலிக்க வேண்டிய தொகையே) ₹1,20,000தான். அதையும் முழுதாக வசூலிக்கும் ஊராட்சி அரிது. 40 பேரிடம் வருவது 600 வீட்டில் வருவதற்குச் சமமாக நிற்கிறது.

தொழில் வரியில் தப்புவது இப்படி: பள்ளி ஊராட்சியில் இருக்கும், ஆனால் பிடித்த தொகை பக்கத்துப் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ போகும். பெயர்ப் பலகையில் பக்கத்து டவுன் பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. அலுவலகம் எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் கட்ட வேண்டும். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பணியாளர் எண்ணிக்கை கேட்டு, சம்பளம் வழங்கும் அலுவலருக்கு அரையாண்டு தொடங்கியதும் கேட்பு அறிவிப்பு அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வராது. அனுப்பிய நகலைக் கோப்பில் வையுங்கள்.

அடுத்தது குளம். டெல்டாவில் ஊராட்சிக் குளம் இல்லாத ஊர் குறைவு. மீன் பாசி குத்தகை ஏலத்தை ஊரறிய தண்டோரா போட்டு, அறிவிப்பு ஒட்டி நடத்துங்கள். நாலு பேருக்கு மட்டும் தெரிந்து முடியும் ஏலத்துக்கும் இதற்கும் தொகையில் வித்தியாசம் தெரியும். தென்னை, புளி மகசூல் ஏலமும் அப்படியே. வீட்டு வரியில், கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியலைத் தெருவாரியாக எழுதி கிராம சபையில் படித்தால் சண்டை குறையும். தன் தெரு மட்டும் கட்டுகிறது என்ற நினைப்புதான் கோபத்துக்குக் காரணம். வீட்டு வரியோடு வரும் நூலக வரி, ரூபாய்க்கு 10 காசு, உங்கள் பணம் அல்ல. அதைத் தனியே செலுத்த வேண்டும்.

பெரிய ஆலை வந்தால் வரி வரும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் இருக்கும் பகுதி இது. நமக்கு வீடும் குளமும் பள்ளிக்கூடமும்தான் வரித்தளம்.

6. மின்பாக்கியைக் குறைச்சா அந்தப் பணத்தை இதுக்கு எடுக்கலாமா?

நேரடியாக எடுக்க முடியாது. இரண்டாம் கணக்கில் மிச்சமானது அங்கேயேதான் இருக்கும். ஆனால் பல ஊராட்சிகள் இரண்டாம் கணக்கு போதாமல் ஒன்றாம் கணக்கிலிருந்து மின்கட்டணம் கட்டுகின்றன. அந்த ஓட்டையை அடைத்தால் பொது நிதி மிஞ்சும்.

முதல் வேலை, ஊராட்சி பெயரில் உள்ள எல்லா மின் இணைப்பு எண்களையும் பட்டியல் எடுத்து நேரில் போய்ப் பார்ப்பது. தூர்ந்துபோன போர்வெல், கழற்றிப் போட்ட மோட்டார், இடிந்த தொலைக்காட்சி அறை ஆகியவற்றுக்கு இன்னும் பில் வந்துகொண்டிருக்கும். எழுத்தில் துண்டிப்புக் கேளுங்கள். இரண்டாவது தெருவிளக்கு. 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டால் விளக்குக்கு 30 வாட் மிச்சம். 100 விளக்கு, இரவு 12 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 13,140 யூனிட். மூன்றாவது மேல்நிலைத் தொட்டி. வால்வு ஒழுகுவதால் 7.5 குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 2,000 யூனிட் வீண்.

7. மத்திய நிதிக்குழுப் பணம்தான் பெருசா வருது. அதை ஏன் விட்டுட்டீங்க?

விடவில்லை, அதன் கட்டுகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். 2021 முதல் 2026 மார்ச் வரையிலான 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறிப்பிட்ட பணிக்கு மட்டும்: பாதி சுகாதாரம், கழிவு அகற்றல்; பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு, ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது. அதற்குப் பிந்தைய தவணைகளுக்கு அந்தந்த ஆணையின் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். பழைய சதவீதத்தை நினைவில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

வழி இதுதான். அங்கன்வாடிக்குக் குழந்தைக் கழிப்பறை வேண்டுமா? சுகாதாரப் பங்கில் போடுங்கள். குழாய் வேண்டுமா? குடிநீர்ப் பங்கு. குளத்துக்கும் அங்கன்வாடிக்கும் நடுவே வேலி வேண்டுமா? கட்டில்லாத பங்கு. கல்லும் சிமென்டும் அங்கே போனால், சொந்த வருமானம் முழுவதும் ஆள் கூலிக்கு மிஞ்சும். எல்லாமே கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முன்பே இருக்க வேண்டும். அதில் இல்லாத வேலைக்கு இ-கிராம்ஸ்வராஜ் என்ற இணையக் கணக்குத் தளத்தின் வழியாகப் பணம் போகாது.

8. எவ்வளவு ஒதுக்கணும்? தீர்மானத்துல எப்படி எழுதணும்?

முந்தைய மூன்று ஆண்டுகளில் உண்மையாக வசூலான சொந்த வருமானத்தை எடுங்கள். கேட்பை எடுக்காதீர்கள். மூன்றில் மிகக் குறைந்த ஆண்டின் தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆண்டுக்குப் போதும். மோசமான ஆண்டை அடிப்படையாக வைத்தால் நடுவில் கைவிட நேராது. சராசரியை வைத்த ஊர்கள் ஜனவரியில் மாட்டிக்கொள்கின்றன.

தீர்மானத்தில் நான்கு விவரம் இருக்கட்டும்: தலைப்பின் பெயர், தொகை, எந்தெந்தப் பணிக்கு, மாற்ற வேண்டுமானால் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்ற வரி. நான்காவதுதான் பூட்டு. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) மார்ச் 22இல் வைத்தால் ஏப்ரலில் தொடங்கலாம்.

9. ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா எதைச் செய்றது?

நடவுக்காலக் காலைப் பராமரிப்பு. நடவுப் பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுகிறார்கள். அங்கன்வாடி திறப்பது அதற்குப் பல மணி நேரம் கழித்து. அந்த இடைவெளியில் மூன்று வயதுப் பிள்ளையை ஏழு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள். அக்காவின் பள்ளிக்கூடமும் போகிறது.

15 குழந்தைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. காலை 6.30 முதல் அங்கன்வாடி திறக்கும் வரை இரண்டு பெண்கள். நாளுக்கு ஆளுக்கு ₹250, 50 நாள் என்றால் ₹25,000. கஞ்சியும் சுண்டலும் குழந்தைக்கு ₹12 வீதம் ₹9,000. பாய், தண்ணீர்ப் பானை, வாசல் தடுப்பு, முதலுதவிப் பெட்டி ₹6,000. மொத்தம் ₹40,000. ஒருத்தி மட்டும் போதும் என்று குறைக்காதீர்கள். ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஐந்து நிமிடத்தில் மற்ற பதினாலு பேரைப் பார்க்க ஆள் வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், முதலில் சாவி. அங்கன்வாடிக் கட்டடத்தில் நடத்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரண்டாவது சாவி யாரிடம் என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்தது தேதி. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வருவது தாமதமாகும். போர்செட் வைத்திருப்பவர் முன்பே நடுவார். அதனால் மாதக் கணக்கில் ஒதுக்காமல் நாள் கணக்கில் ஒதுக்கி, குறுவைக்கும் சம்பாவுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடக் கெடுப்பது தாமதக் கூலி. இரண்டு வாரம் கூலி நின்றால் அந்தப் பெண்களும் நடவுக்கே போய்விடுவார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது.

10. ₹40,000கூட இல்லீங்க. சும்மா கையில இருக்கிறதை வச்சு ஏதாவது?

படித்துறைக்கு எறிகயிறு. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஒரு கை அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். எறியும்போது எடை வேண்டும், நீரில் மிதக்கவும் வேண்டும் என்பதற்காக அந்த ஒரு கைத் தண்ணீர். கைப்பிடியில் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் பிளாஸ்டிக் கயிற்றை இறுகக் கட்டி, மறுமுனையில் கை நுழையும் அளவு வளையம் போடுங்கள். நீந்தத் தெரியாதவரும் கரையில் நின்றே உதவலாம். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவதுதான் பெரிய ஆபத்து.

இதை ஊராட்சி அலுவலகத்தில் பூட்டி வைத்தால் பயனில்லை. படித்துறைக்கு அருகிலுள்ள வீட்டிலோ டீக்கடையிலோ ஆளின் பெயர் எழுதி ஒப்படையுங்கள். மாடு கட்டக் கயிறு போகும், கேன் மண்ணெண்ணெய்க்குப் போகும், வெயிலில் கயிறு நைந்துபோகும். மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வருமுன், ஜூன் முதல் வாரத்தில், மதகுக்கு அடியில் சுழல் உள்ள இடங்களைப் பள்ளியில் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும்.

11. 1098 இருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு. ஊராட்சி எதுக்குத் தனியா?

இருப்பதைத் திரும்பச் செய்ய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்துவார்கள். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலர் தடுப்பு அலுவலர். முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181.

இவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஊராட்சியின் வேலை. திருமணம் நின்ற மறுநாள் அந்தப் பெண்ணின் சேர்க்கைக்கும் சான்றிதழுக்கும் பஸ்ஸுக்கும் யார் பொறுப்பு? அதற்குச் செலவு சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 என்பதை, மே மாதத் தேர்வு முடிவுக்கும் சேர்க்கைக்கும் நடுவே வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒருவர் வேண்டும். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு ₹10,000 கட்டில்லா நிதி உண்டு. பல ஊர்களில் பிளீச்சிங் பவுடரோடு அது முடிந்துபோகிறது.

12. செலவு எங்களுக்கு, மிச்சம் அரசு ஆஸ்பத்திரிக்கு. இது என்ன கணக்கு?

இந்தத் துறையின் ஆதாரச் சிக்கலே இதுதான். நீங்கள் ₹40,000 போட்டுத் தவிர்த்த செலவு மருத்துவத் துறைக்கும் பள்ளிக் கல்விக்கும் காவல் துறைக்கும் மிச்சமாகும். உங்கள் ஒன்றாம் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

அதனால் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். கட்டடமும் பாத்திரமும் அங்கன்வாடியுடையது, முதலுதவிப் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலையத்துடையது, ஆள் தேர்வு மகளிர் குழுக் கூட்டமைப்புடையது என்று ஒரே தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பணம் கொடுக்க அதிகாரம் இல்லாத அலுவலருக்கும் இடம் கொடுக்க அதிகாரம் உண்டு.

13. ஆடிட்ல தூக்கிடுவாங்கன்னு செயலாளர் பயப்படுறார்.

பயம் அர்த்தமுள்ளது, ஏனென்றால் ஆட்சேபணை வந்தால் தலை உருளுவது அவருக்குத்தான். காப்பு மூன்று: செலவுக்கு முந்தைய தேதியில் தீர்மானம், ‘மதிப்பூதியம், பருவகாலப் பணி, நிரந்தர உரிமை இல்லை’ என்ற சொற்கள், வட்டார வளர்ச்சி அலுவலரின் எழுத்து ஒப்புதல். இவற்றோடு நாள்வாரி வருகைப் பதிவேடு, வங்கி வழியாக மட்டும் கூலி. தனிநபருக்குக் கொடுப்பதைவிட மகளிர் குழுவின் பில்லுக்குக் கொடுப்பது தெளிவாக நிற்கும். பின்தேதியிட்ட தீர்மானம்தான் அதிகம் சிக்கும் இடம்.

14. தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். யார் தீர்மானம் போடுறது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், டெல்டா உட்பட, பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அப்படிப்பட்ட காலத்தில் மன்றத்தின் அதிகாரம் அவரிடம் இருக்கும். கிராம சபை நிற்காது. மனுவாகக் கொடுக்காமல், தொகையும் நாளும் எழுதிய முன்மொழிவாக கிராம சபையில் பதிவு செய்யுங்கள். பல ஊராட்சிகளைச் சுமக்கும் அலுவலருக்கு, கையெழுத்துப் போடத் தயாரான தாள்தான் உதவி.

15. எங்களது நகராட்சி. கடன் தவணை போக ஒண்ணும் மிஞ்சலை.

நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி எனக் கணக்குகள் தனித்தனி. சாக்கடைக் கடன் அழுத்தம் குடிநீர் வடிகால் நிதியில் தொடங்கி வருவாய் நிதிக்குப் பரவும். கல்வி நிதி சொத்து வரியோடு வரும் தனிப் பணம், நகராட்சிப் பள்ளிகளுக்கானது. பள்ளிச் சுற்றுச்சுவர், பெண்கள் கழிப்பறை, வேலி போன்றவற்றை அங்கே கேளுங்கள்.

16. ‘சமூகத் தாக்கப் பத்திரம்’னு ஒருத்தர் வந்து சொன்னார். கடன் வாங்காமலே பணம் வருமாமே?

முதலீட்டாளர் முதலில் போடுவார், பலன் வந்தால் வேறொருவர் திருப்பித் தருவார். ராஜஸ்தானில் 2015 முதல் 2018 வரை பெண் கல்விக்கு அப்படி ஒன்று நடந்தது. அங்கே பலனுக்குப் பணம் கொடுத்தது ஓர் அறக்கட்டளை. உங்கள் ஊரில் யார் கொடுப்பார் என்பதே கேள்வி. ‘ஊராட்சி’ என்று பதில் வந்தால் அது கடன்தான், வேறு பெயரில். பலனை அளக்கும் செலவே உங்கள் ஒதுக்கீட்டை விழுங்கிவிடும். ஒரு ஊராட்சிக்கு இது வேண்டாம்.

17. புயல் வருஷத்துல இந்தப் பணத்தை நிவாரணத்துக்கு எடுக்கலாமா?

கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. நிவாரணத்துக்கு மாநிலப் பேரிடர் நிதி இருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது தென்னையும் வீடும் ஒரே இரவில் போயின. வருமானம் போன வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்பதும் மகளின் திருமணம் முந்துவதும் அதற்குப் பின் வரும் மாதங்களில்தான். அரிசி மூட்டை வந்துசேர்ந்த பிறகு, கணக்கெடுக்க யாரும் வராத நேரம் அது. இந்தத் தலைப்பு அப்போதைக்குத்தான்.

18. நடக்காததை எப்படிங்க கணக்குக் காட்டுறது?

நடந்ததை எண்ணுங்கள். மையம் எத்தனை நாள் திறந்தது, எத்தனை பிள்ளை வந்தது, ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் நடவு வாரங்களில் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை. கடைசி எண் பள்ளி வருகைப் பதிவிலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் முந்தைய மூன்று ஆண்டின் அதே வாரங்களையும் கேட்டு ஒப்பிடுங்கள். பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் நடவுத் தேதி வேறாக இருக்கும், தவறாகப் போகும்.

நீரில் மூழ்கிய சாவுகள் ஒரு ஊரில் ஆண்டுக்குப் பூஜ்யம் அல்லது ஒன்று. ஓர் ஆண்டு பூஜ்யம் வந்ததை வைத்துக் ‘கயிறு காப்பாற்றியது’ என்று எழுதாதீர்கள். கயிறு எறியப்பட்ட ஒவ்வொரு தடவையையும் தேதியோடு எழுதுங்கள், அது போதும்.

19. இதெல்லாம் செஞ்சா எங்க பாக்கி அடையுமா?

அடையாது. அப்படிச் சொல்லி யாரும் தீர்மானம் போட வேண்டாம். பாக்கியைக் குறைப்பது 5ஆம், 6ஆம் பதில்களில் உள்ள வேலை. அதையும் இதையும் ஒரே ஏப்ரலில் தொடங்கலாம். இணைப்பு எண் பட்டியல் எடுக்க இரண்டு நாள், தொழில் வரிக் கேட்பு அனுப்ப ஒரு நாள். நாற்று பறிக்கத் தொடங்கும் வாரத்தில் சாவியும் பாயும் கஞ்சிப் பானையும் தயாராக இருக்க வேண்டும்.